குளிரில் புளிக்கும் மண்

இன்றைய எபிசோடு மண்ணைப் பற்றியது. ஆனால் ஒரு ஆற்றிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அலாஸ்காவின் வடக்கே, ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே, புரூக்ஸ் மலைத்தொடர் இருக்கிறது. அங்கே ஓடும் ஆறுகளில் ஒன்றுக்கு சால்மன் ஆறு என்று பெயர். அதன் கரையில் சாலை இல்லை, ஊர் இல்லை, மேலே சுரங்கமோ தொழிற்சாலையோ எதுவும் இல்லை. அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம் என்கிற அளவுக்குத் தெளிந்த தண்ணீர். 1980-ல் அமெரிக்க அரசு இதைப் பாதுகாக்கப்பட்ட ஆறுகளின் பட்டியலில் சேர்த்தது. 2019 கோடையில் அந்த ஆறு ஆரஞ்சு நிறமாகிவிட்டது.

லேசான நிறமாற்றம் இல்லை. கோலத்துக்குக் கரை கட்டக் காவி கரைப்பார்களே, அப்படி. சொல்லப்போனால் அதே பொருள்தான். செங்காவியில் இருப்பதும் இரும்பு ஆக்சைடு, அந்த ஆற்றில் மிதப்பதும் இரும்பின் துரு.

இது ஒரே ஒரு ஆற்றின் கதையும் இல்லை. 2024 மே மாதம் வந்த ஓர் ஆய்வு, புரூக்ஸ் மலைத்தொடரில் இப்படி நிறம் மாறிய 75 ஓடைகளையும் ஆறுகளையும் பதிவு செய்தது. அமெரிக்கத் தேசியப் பூங்கா சேவையைச் சேர்ந்த ஜான் ஓடானெல் தலைமையில் நடந்த ஆய்வு அது. இந்த ஆறுகளில் வழக்கமாக பிஎச் 8-ஐ ஒட்டி இருக்கும். சில மாதிரிகளில் 2.3 வந்தது. பிஎச் அளவுகோலில் ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை 10 மடங்கு கூடும். ஆக 8-லிருந்து 2.3 என்றால், கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், சுமார் 5 லட்சம் மடங்கு. எலுமிச்சைச் சாறு கிட்டத்தட்ட அந்த இடத்தில்தான் நிற்கும்.

மனுஷன் போகாத இடத்தில் இவ்வளவு அமிலத்தை யார் கொண்டுபோய்க் கொட்டியது? யாரும் கொட்டவில்லை. அது மண்ணிலிருந்து வந்தது. மண்ணுக்கும் அடியில் இருந்த பாறையிலிருந்து வந்தது என்று சொன்னால் இன்னும் சரி.

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இட்லி மாவை ராத்திரி வெளியே வைத்தால் புளிக்கும், பிரிட்ஜில் வைத்தால் அப்படியே இருக்கும். குளிர் புளிப்பைத் தள்ளிப்போடும் என்பது நம் வீட்டுச் சமையலறையிலேயே தெரிந்த விஷயம். அப்படியென்றால் உலகத்தின் மிகப்பெரிய பிரிட்ஜான துருவப் பகுதியில் மண் எப்படிப் புளிக்கிறது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு படிக்கப் போனேன். பதில் ஒன்று இல்லை, பல இருக்கின்றன. அதில் ஒன்றில் பென்குவின் வருகிறது.

முதலில், மண் அமிலமாவது என்றால் என்ன? களிமண் துகளின் மேற்பரப்பிலும் மட்கிய இலைதழையிலும் எதிர்மின்னேற்றம் கொண்ட இடங்கள் உண்டு. டவுன் பஸ் சீட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த சீட்டில் கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், சோடியம் அயனிகள் உட்கார்ந்திருக்கும். மண் காரமாகவோ நடுநிலையாகவோ இருக்க இவர்கள்தான் காரணம். எங்கிருந்தாவது ஹைட்ரஜன் அயனி ஏறினால், உட்கார்ந்திருப்பவரைக் கிளப்பிவிட்டுத் துண்டு போட்டு இடம் பிடித்துவிடும். எழுந்தவர் பஸ்ஸுக்குள்ளேயே நின்றால் பிரச்சினை இல்லை, மறுபடி உட்கார வாய்ப்பு உண்டு. ஆனால் மண்ணுக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தால், எழுந்தவரையெல்லாம் அது அடித்துக்கொண்டு போய்விடும். திரும்பி வரவே மாட்டார். வருஷக்கணக்கில் இது நடந்தால் சீட்டெல்லாம் ஹைட்ரஜன் கையில். பிஎச் 5.5-க்குக் கீழே இறங்க இறங்க, மண்ணில் பூட்டியிருந்த அலுமினியமும் கரைந்து வெளியே வரும். வேர்களுக்கு அது விஷம்.

ஆக மூன்று விஷயம் வேண்டும்: அமிலத்துக்கு ஒரு மூலம், அடித்துக்கொண்டு போகத் தண்ணீர், போதுமான காலம். மழைத் தண்ணீரே கரியமில வாயு கரைந்து கொஞ்சம் அமிலமாகத்தான் இருக்கும், பிஎச் சுமார் 5.6. குளிர்ந்த நீரில் இந்த வாயு இன்னும் அதிகமாகக் கரையும். 20 டிகிரியில் கரைவதைப் போல 0 டிகிரியில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எனவே குளிர் எல்லா விதத்திலும் அமிலத்துக்கு எதிரி என்று சொல்லிவிட முடியாது. தண்ணீர் தண்ணீராக இருக்கிறதா, பனிக்கட்டியாக நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

இதைச் சோதிக்க இயற்கையே ஒரு இடத்தைச் செய்து வைத்திருக்கிறது. அண்டார்க்டிகாவின் மக்மர்டோ உலர் பள்ளத்தாக்குகள். அங்கே மழையே பெய்யாது. விழுவது கொஞ்சம் பனி, அதுவும் பெரும்பாலும் உருகாமலே ஆவியாகிப் போய்விடும். சீட்டிலிருந்து எழுந்தவரை வெளியே தள்ள ஆளில்லை. அதனால் உப்பெல்லாம் மண்ணிலேயே சேர்ந்து கிடக்கிறது. லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆன மண்கூட அங்கே பெரும்பாலும் காரமாகத்தான் இருக்கிறது. வெறும் குளிர் மட்டும் போதும் என்றால் பூமியிலேயே புளித்த மண் அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

இப்போது அதே கண்டத்தின் இன்னொரு ஓரத்துக்குப் போவோம். அண்டார்க்டிக் தீபகற்பத்தின் முனைக்கு அருகே கிங் ஜார்ஜ் தீவு. கடல் சூழ்ந்த இடம், ஈரம் அதிகம். கோடையில் வெப்பநிலை 0 டிகிரிக்கு மேலே ஏறும், மழைகூடப் பெய்யும். அங்கே அடேலி, சின்ஸ்ட்ராப், ஜென்டூ என மூன்று வகைப் பென்குவின்கள் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. கடலில் கிரில் என்ற சின்ன இறால் வகையைத் தின்றுவிட்டு கரைக்கு வந்து எச்சமிடுகின்றன. ஆயிரக்கணக்கான பறவைகள், ஒவ்வொரு கோடையும், அதே பாறைமேல்.

பறவைகள் நம்மைப் போல யூரியாவாகக் கழிப்பதில்லை, யூரிக் அமிலமாகக் கழிக்கின்றன. மூட்டு வலி என்று போனால் டாக்டர் டெஸ்ட் எழுதித் தருவாரே, அதே யூரிக் அமிலம். பெயரில் அமிலம் இருப்பதால் நேராக அதுதான் மண்ணைப் புளிக்க வைக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அது மிகவும் பலவீனமான அமிலம், தண்ணீரில் சரியாகக் கரையக்கூடச் செய்யாது. கதை அடுத்த கட்டத்தில்தான். நுண்ணுயிர்கள் அதை உடைத்து அம்மோனியா ஆக்குகின்றன. அம்மோனியா காரம். ஆக புத்தம் புது எச்சம் கிடக்கும் இடத்தில் மண் அமிலத்துக்கு நேர் எதிர்த்திசையில்கூடப் போகும். மூக்கைப் பொத்த வைக்கும் அந்த நெடியும் இதனால்தான்.

பிறகு வேறொரு கூட்டம் பாக்டீரியா வருகிறது. அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றுவது அவற்றின் பிழைப்பு. ஒவ்வொரு அம்மோனியம் அயனி நைட்ரேட்டாக மாறும்போதும் இரண்டு ஹைட்ரஜன் அயனிகள் வெளியே வரும். அதாவது நைட்ரிக் அமிலம், பறவையின் காலடியிலேயே தயாராகிறது. உருகும் பனிநீர் நைட்ரேட்டையும் கூடவே கால்சியம், மக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு ஓடிவிடும். ஹைட்ரஜன் தங்கிவிடும். பிஎச் சரசரவென இறங்கும். குளிர்தான், ஆனால் சாப்பாடு இவ்வளவு கொட்டிக்கிடந்தால் குறுகிய கோடை போதும் போலிருக்கிறது.

எச்சத்தில் இருக்கும் பாஸ்பரஸ் மட்டும் எங்கும் போவதில்லை. அமிலத்தில் பாறையின் இரும்பும் அலுமினியமும் கரைந்து வருகின்றனவே, அவற்றோடு சேர்ந்து பாஸ்பேட் கனிமங்களாக மண்ணிலேயே உறைந்துவிடுகிறது. பறவைகள் உருவாக்கும் இந்த வகை மண்ணைத் தனியாக எடுத்துப் பேசியவர் சிரோயெச்கோவ்ஸ்கி என்ற சோவியத் விஞ்ஞானி, 1959-ல். பிறகு கிங் ஜார்ஜ் தீவில் போலந்து நாட்டின் ஆர்க்டோவ்ஸ்கி நிலையத்திலிருந்து தாத்தூர், மிர்ஹா என்ற இருவர் இந்தக் கனிமங்களை வரிசையாக ஆராய்ந்தார்கள். இந்தப் பாஸ்பேட் மண் சீக்கிரம் அழியாது. பென்குவின்கள் கைவிட்டுப்போய் ஆயிரக்கணக்கான வருஷம் ஆன இடத்தில்கூட மண்ணைத் தோண்டிப் பார்த்து, ஒரு காலத்தில் இங்கே காலனி இருந்தது என்று சொல்ல முடிகிறது. அண்டார்க்டிகாவின் மண்ணில் இயற்கையாகப் பூக்கும் செடிகள் இரண்டே இரண்டுதான், ஒரு புல்லும் ஒரு குட்டிப் பூச்செடியும். பறவைகள் மிதித்து நசுக்குவது நின்றபிறகு, அவை இந்தப் பழைய காலனி நிலங்களில் நன்றாகவே பிடித்துக்கொள்கின்றன.

இதே தீவு, இதே அட்மிரல்டி விரிகுடா. அங்கே கெல்லர் என்றொரு சின்னத் தீபகற்பம் இருக்கிறது, பிரேசிலின் ஆய்வு நிலையம் இருக்கும் இடம். அங்கே பென்குவின் தலையீடே இல்லாமல் மண் அமிலமாகியிருக்கிறது. காரணம் அங்குள்ள எரிமலைப் பாறையில் கலந்திருக்கும் பைரைட். இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம், தங்கம் மாதிரி மினுக்கும். காற்றும் தண்ணீரும் படாதவரை பைரைட் பரம சாது. பட்டுவிட்டால் கந்தகம் கந்தக அமிலமாகிவிடும், இரும்பு துருவாகிவிடும். பிரேசில் மண்ணியலாளர்கள் அந்த மண்ணில் ஜரோசைட் என்ற மஞ்சள் கனிமத்தைக் கண்டார்கள். அது அமிலச் சூழலில் மட்டுமே உருவாகும். 2004-ல் ஆப்பர்ச்சுனிட்டி ரோவர் செவ்வாயில் இதே ஜரோசைட்டைக் கண்டதும் விஞ்ஞானிகள் குதித்ததற்குக் காரணம் அதுதான்: அங்கே ஒரு காலத்தில் தண்ணீர் இருந்தது, அதுவும் புளிப்பான தண்ணீர். சரி, செவ்வாயை இன்னொரு நாள் பார்க்கலாம். பைரைட்டை மட்டும் மறக்க வேண்டாம்.

இப்போது மறுபடி வடக்கே, ஆர்க்டிக் தூந்திரம். இங்கே அமிலம் வருவது ரொம்ப நிதானமான வழியில், பாசி மூலமாக. ஸ்பாக்னம் என்று ஒரு பாசி உண்டு. அதன் செல் சுவரே ஒரு பண்டமாற்றுக் கடை. தண்ணீரிலிருக்கும் கால்சியத்தை வாங்கிக்கொண்டு ஹைட்ரஜனைத் தரும். தன்னைச் சுற்றித் தானே அமிலச் சூழலை உருவாக்கிக்கொள்ளும், மற்ற செடிகள் பல அதில் தாக்குப்பிடிக்காது. குளிரிலும் ஈரத்திலும் செத்த இலைதழை முழுசாக மட்குவதில்லை. பாதி மட்கி, கரிம அமிலங்களைக் கசிந்துகொண்டு, அடுக்கடுக்காகச் சேரும்.

அலாஸ்காவின் வடசரிவில் டூலிக் ஏரியைச் சுற்றி இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெவ்வேறு காலத்தில் பனியாறுகள் வந்து விட்டுப்போன நிலங்கள் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. கடைசிப் பனியுகத்தில் விட்டுப்போன இளைய நிலத்தில் சுண்ணாம்புச் சத்து இன்னும் மிச்சமிருப்பதால் மண் பெரும்பாலும் அமிலமாகவில்லை. அதற்கும் முந்தைய பனியாறுகள் விட்டுப்போன கிழ நிலத்தில் சத்தெல்லாம் கழுவப்பட்டு, பாசி மூடி, பிஎச் 5.5-க்குக் கீழே போய்விட்டது. பக்கத்துப் பக்கத்து நிலம்தான், வயதுதான் வித்தியாசம்.

1998-ல் டொனால்டு வாக்கரும் கூட்டாளிகளும் இந்த இரண்டு தூந்திரங்களையும் ஒப்பிட்டு நேச்சர் இதழில் எழுதினார்கள். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம் இது: அமிலத் தூந்திரத்தில் பாசி தடிமனாக இருப்பதால் வெயிலின் சூடு கீழே இறங்குவது குறைவு, கோடையில் மண் உருகும் ஆழமும் குறைவு. கம்பளி போர்த்திய மாதிரி. அதாவது இந்த வகைப் புளிப்பு அடியில் இருக்கும் உறைபனியைக் காப்பாற்றுகிறது. எதிர்ச் சான்றும் அங்கேயே கிடைக்கிறது. 1974-ல் எண்ணெய்க் குழாய்க்காகப் போட்ட டால்டன் சாலை அந்த வழியாகப் போகிறது. லாரிகள் கிளப்பும் சுண்ணாம்புத் தூசி சாலையோர மண்ணின் அமிலத்தைக் குறைத்துவிட்டது. விளைவு, அங்கே ஸ்பாக்னம் பாசி செத்துப்போனது, மண் இன்னும் ஆழமாக உருகியது. அமிலம் என்றாலே கெட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். தூந்திரத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு இப்போது ஆரஞ்சு ஆற்றுக்குத் திரும்பலாம்.

புரூக்ஸ் மலைத்தொடரின் பாறைகளில் பெரும்பகுதி ஒரு காலத்தில் கடலடிச் சேறு. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் பைரைட் தாராளமாக உருவாகும். பிறகு அது பாறையாகி, மலையாக எழும்பி, நிரந்தர உறைமண்ணுக்குள் மாட்டிக்கொண்டது. தொடர்ந்து இரண்டு வருஷமாவது 0 டிகிரிக்கு மேலே ஏறாத நிலத்துக்குத்தான் அந்தப் பெயர். இங்கே அது பல்லாயிரம் வருஷமாக உறைந்து கிடப்பது. மேலே கோடையில் உருகும் மெல்லிய அடுக்கில் வழக்கமான வேலைகள் நடந்துகொண்டிருந்தன. கீழே பைரைட்டுக்குக் காற்றும் இல்லை, ஓடும் தண்ணீரும் இல்லை. ஆபீஸ் பாஷையில் சொன்னால், நடக்க வேண்டிய வினைகளெல்லாம் பேக்லாகில் நின்றன. யாரும் டெலீட் செய்யவில்லை.

ஆர்க்டிக் வேகமாகச் சூடாகிறது, உருகும் ஆழம் கூடுகிறது, தண்ணீர் புதிய விரிசல்களுக்குள் போகிறது. ஆக்சிஜனும் கூடவே போகிறது. கெல்லர் தீபகற்பத்தில் பார்த்த அதே வினை இங்கே மலைச்சரிவு முழுக்க ஆரம்பிக்கிறது. ஒரு பைரைட் மூலக்கூறு முழுசாக வினைபுரிந்து முடிந்தால் நான்கு ஹைட்ரஜன் அயனிகள். அதோடு, கரைந்து வரும் இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து, திரும்பிப்போய் மிச்சமிருக்கும் பைரைட்டைத் தாக்கும். இந்தச் சுற்றை வேகப்படுத்துவதற்கென்றே வாழும் பாக்டீரியாக்களும் உண்டு, குளிரைத் தாங்கும் வகைகள் உட்பட. அமிலம் போகிற வழியில் பாறையிலிருக்கும் துத்தநாகம், நிக்கல், செம்பு, காட்மியம் எல்லாவற்றையும் கரைத்து எடுத்துக்கொண்டு ஓடையில் சேர்க்கும். சதுப்பான இடங்களில் இன்னொரு வழியும் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்: உருகிய ஈர மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்ததும், அங்குள்ள நுண்ணுயிர்கள் மண்ணின் இரும்பைக் கரையும் வடிவத்துக்கு மாற்றிவிடும். அந்த இரும்பும் ஓடைக்கு வந்து காற்றைப் பார்த்ததும் துருப்பிடிக்கும்.

பெரிய ஆறுகளில் எல்லா இடத்திலும் தண்ணீர் எலுமிச்சைச் சாறாகிவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வழியில் சுண்ணாம்புக்கல் இருந்தால் அமிலம் தணிந்துவிடும். ஆனால் அமிலம் தணியும்போதுதான் இரும்பு கரைசலிலிருந்து பிரிந்து துகளாக விழும். ஆரஞ்சு நிறமே அப்போதுதான் வரும். அந்தத் துரு கூழாங்கற்களின் இடுக்கையெல்லாம் அடைத்துவிடும். மீன் முட்டையிடுவதும் பூச்சிப் புழுக்கள் வளர்வதும் அந்த இடுக்கில்தான். அகில்லிக் ஆற்றின் கிளை ஓடை ஒன்று 2017-க்கும் 2018-க்கும் இடையில் தெளிந்த நிலையிலிருந்து ஆரஞ்சானது. அங்கே ஆய்வாளர்கள் முன்பு பார்த்த டாலி வார்டன் மீன்குஞ்சுகளும் ஸ்கல்பின் மீன்களும் அதன்பிறகு இல்லை. ஒரே வருஷம்.

ஆற்றங்கரைகளில் இன்யூப்பியாட் மக்கள் வாழ்கிறார்கள். மீன் அவர்களுக்குப் பொழுதுபோக்கு இல்லை, வருஷம் முழுமைக்குமான சாப்பாடு. கிவலினா என்ற கடலோர ஊருக்குக் குடிநீரே வூலிக் ஆற்றிலிருந்துதான் வருகிறது. இரும்பை வடிகட்டிவிடலாம், ஆனால் அதற்கு வசதி வேண்டும். காட்மியத்துக்குத் தனியாகப் பரிசோதனை வேண்டும்.

சுரங்கத்திலிருந்து அமில நீர் வந்தால் என்ன செய்வது என்று நமக்குத் தெரியும். வெளியேறும் வாயில் குளம் வெட்டி, சுண்ணாம்பைக் கொட்டி, துருவைப் படியவிட்டு, தெளிந்த நீரை விடுவார்கள். செலவு யார் தலையில் என்பதும் தெளிவு. இங்கே வாய் என்று ஒன்று இல்லை. ஒரு மலைச்சரிவில் நூறு இடத்தில் கசிகிறது, அந்த மாதிரி எத்தனையோ சரிவுகள், ஹெலிகாப்டரை விட்டால் போக வழியில்லை. பில் அனுப்பவும் ஆளில்லை. உருகுவதை நிறுத்துவது ஒன்றுதான் உண்மையான வைத்தியம், அதை அலாஸ்காவில் உட்கார்ந்துகொண்டு செய்ய முடியாது.

குளிர்காலத்தில் எல்லாம் மறுபடி உறையும், கசிவு குறையும். ஜூலை, ஆகஸ்டில், மண் அதிக ஆழத்துக்கு உருகியிருக்கும் வாரங்களில், நிறம் உச்சத்துக்கு வரும். ஆய்வாளர்கள் இப்போது செயற்கைக்கோள் படங்களில் எந்த ஓடை எந்த வருஷம் முதன்முதலில் நிறம் மாறியது என்று பின்னோக்கித் தேடிக்கொண்டிருக்கிறார்கள். எந்தச் சரிவில் பைரைட் இருக்கிறது, எங்கே சுண்ணாம்புக்கல் இருக்கிறது என்ற பாறை வரைபடத்தையும் அதோடு வைத்துப் பார்த்தால், அடுத்து எந்த ஓடை என்று முன்கூட்டியே ஊர்க்காரர்களுக்குச் சொல்லலாம் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு.

இன்றைக்கு இவ்வளவுதான் மக்களே. ஜரோசைட்டையும் செவ்வாயையும் பற்றி நிறையப் பேர் கேட்பீர்கள் என்று தெரியும். அதற்குத் தனியாக ஒரு எபிசோடு போட்டுவிடலாம்.